துரை வண்டி கப்பலேறியது

எங்கள் அண்ணனை நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் 'அவன்'. இது மனசுக்குள்ளிருந்து எழுதுவது, அதனால் அவன் என்றே இருக்கட்டும்.

அப்பா இறந்து மூன்றாம் நாள்தான் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே அவன் டாக்டர். போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் டாக்ஸி நின்றதும் அம்மா கதறிக்கொண்டு ஓடினாள். அவனும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன், அது நிஜ அழுகைதான். ஆனால் அழுது முடித்து, முகம் கழுவி, காபியும் குடித்த பிறகு அவன் அப்பா படுத்திருந்த கட்டிலைப் பார்க்கப் போகவில்லை. நேராகக் கொல்லைப்புறத்து லாரிக் கொட்டகைக்குப் போனான், கார் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு.

நின்றது. எங்கே போகும்? நான்தானே அதை அங்கே நிறுத்தியிருந்தேன்.

அது கறுப்பு நிறத்தில், பக்கவாட்டில் கால் வைத்து ஏறப் படி வைத்த பழைய சீமைக் கார். மேட்டூரில் கம்பெனி வேலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது அப்பா அவரிடமிருந்து வாங்கினார். அதனால் திருச்செங்கோட்டு வட்டாரம் முழுக்க அதற்குப் பெயர் துரை வண்டி. அண்ணன் பிறந்த வருஷமும் கார் வந்த வருஷமும் ஒன்று. ஆயுத பூஜைக்கு எங்கள் இரண்டு லாரிகளுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாகக் காருக்கு வைக்கும்போது, "பெரியவன் பொறந்த யோகத்துல வந்த வண்டி" என்று அப்பா வருஷம் தவறாமல் சொல்வார். நான் பிறந்த யோகத்தில் என்ன வந்தது என்று கேட்டால் சிரிப்பார்.

யோகம் இருந்த அளவுக்கு அண்ணனுக்கு வயிறு ஒத்துழைக்கவில்லை. கார் சங்ககிரி தாண்டுவதற்குள் அவன் வாந்தி எடுத்துவிடுவான். சேலத்துக்குப் போவதென்றால் அவனுக்கு எலுமிச்சம்பழமும் எனக்கு ஒரு பழைய துண்டும் கொடுத்து உட்கார வைப்பார்கள். துண்டு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காரை அவன் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்டக் கற்றுக்கொள் என்று அப்பா கூப்பிட்டபோதெல்லாம் அவனுக்குப் பரீட்சை இருந்தது.

கொட்டகையில் அவன் காரை நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தான். பானட்டின் மேல் கையை வைத்துத் தடவினான். அடியில் படுத்திருந்த கோழியை விரட்டினான். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, இந்த வண்டிய நான் அங்க எடுத்துட்டுப் போலாம்னு இருக்கறேன்" என்றான்.

"எங்கீங்கண்ணா?"

"அங்கதான், என்ற ஊட்டுக்கு. கப்பல்ல ஏத்தி உட்டா வந்துரும். அங்கெல்லாம் இந்த மாதர வண்டிக்குத் தனி மருவாதி. ஞாயித்துக்கெழமயானா ஆளாளுக்கு ஒண்ணக் கொண்டாந்து மைதானத்துல நிறுத்தி வெப்பாங்க."

"நிறுத்தி வெச்சு?"

"பாப்பாங்க."

"ஓட்ட மாட்டாங்களா?"

என் கேள்வியில் இருந்த குத்தல் அவனுக்குப் புரியாமலில்லை. காமிராவை உறையில் போட்டுக்கொண்டே வேறு ஒன்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"கடைசில அப்பா என்னயப் பத்தி எதுனாச்சும் சொன்னாரா அம்மிணி?"

"இல்லீங்கண்ணா. ஒண்ணுஞ் சொல்லல."

அது உண்மை. கடைசி ஆறு மாதம் அப்பாவின் வாயில் அவன் பெயரே வரவில்லை. அதை அவனிடம் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

இன்னொன்றும் மறைக்க மாட்டேன். போட்டோ எடுத்தானே தவிர, அவன் பானட்டைத் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் உள்ளே இருப்பது துரையின் எஞ்சின் அல்ல என்று தெரிந்திருக்கும். அவன் விமானம் ஏறிய பிறகு பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் செய்த அதே காரியத்தை அப்பாவும் செய்தார். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடிபட்டுக் கிடந்த ஒரு வேனின் டீசல் எஞ்சினைப் பிடித்து மாட்டினார். லாரிக்காரர்களுக்கு வண்டி என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். எந்த வண்டியின் உறுப்பு எந்த வண்டியில் இருக்கிறது என்று யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. ரேடியேட்டர் போர்வெல் வண்டியிலிருந்து வந்தது. டைனமோ டிராக்டருடையது. சீட்டுக்கு பஸ் பாடி கட்டுகிற இடத்தில் பச்சை ரெக்சின் தைத்தார்கள். இதையெல்லாம் செய்தவர் சேலத்தில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர், அப்பாவின் லாரிகளுக்கும் அவர்தான் மெக்கானிக். எஞ்சினை மாற்றினால் ஆர்.சி. புக்கில் எழுதி வாங்க வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். "என்ற வண்டி என்ற கொட்டாய்ல நிக்குது, எவன் கேக்கறான்?" என்று அப்பா விட்டுவிட்டார்.

அண்ணன் வந்திருந்தபோது பேட்டரி இறங்கிக் கிடந்தது. அதனால் வண்டியைக் கிளப்பிக் காட்டும் அவசியமும் வரவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கருமாதி முடிந்ததும் அவன் கிளம்பிப் போய்விட்டான்.

அந்த டீசல் சத்தம் எனக்கு என்ன என்று சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு எரிந்து விழுகிறேன் என்பது விளங்கும். என்னை ஆத்தூர்ப் பக்கம், அரிசி மில் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக் கதை இங்கே வேண்டாம். கை நீட்டினார்கள் என்பது போதும். இரண்டாவது வருஷம் நான் எழுதிப் போட்ட கார்டு கிடைத்த மறுநாள், மில் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், டகடகவென்று அந்தச் சத்தம் கேட்டது. அப்பா களத்து வாசல் வரைக்கும் ஓட்டி வந்து, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமியார் ஏதோ நியாயம் பேச ஆரம்பித்ததும் ஆரனை அழுத்தினார். அவள் நிறுத்தும் வரை கையை எடுக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏறு சாமி" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. வாழப்பாடி வந்த பிறகுதான் டீ குடித்தோம்.

திரும்பி வந்த பெண்ணுக்கு ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்பது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சொன்னவர்கள் முன்னாலேயே நான் துரை வண்டியை ஓட்டிக்கொண்டு கடைவீதியில் போனேன். வேண்டுமென்றே போனேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் பழைய பெரிய ஸ்டீயரிங் இல்லை, அந்த இடத்தில் சின்னதாக ஒரு வேன் ஸ்டீயரிங் இருந்தது. "பழசு ஒடஞ்சு போச்சு சாமி, தூக்கி எறிஞ்சுபோட்டேன். அதுவுமில்லாம உனக்குக் கை வலிக்குமல்ல" என்றார் அப்பா. எனக்காக ஸ்டீயரிங் மாற்றிய அப்பா என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அண்ணனுக்கும் ஒரு கடிதத்தில் எழுதினேன். அதற்கு அவன் பதிலே எழுதவில்லை.

பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் ஒரு முறை சேலத்து ஆஸ்பத்திரிக்கு அவரைப் பின்சீட்டில் தலையணை வைத்துப் படுக்க வைத்து ஓட்டிப் போனேன். இரண்டு வருஷத்துக்கு மேல். இப்போது வாந்தி எடுத்தவர் அவர். துடைத்தவள் அதே ஆள். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தும், அந்த டாக்டர் விமானத்தபாலில் இரண்டு மாத்திரைப் பெயர்களை எழுதி அனுப்பியதோடு சரி. அதில் ஒன்று சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

ஆகவே, கார் எனக்கு வேண்டும் என்று நான் நினைத்தது பேராசையா? வீட்டையோ நிலத்தையோ நான் கேட்கவில்லை. அது ஒன்றைத்தான் கேட்டேன். அதையும் வாய் திறந்து கேட்கவில்லை, கையெழுத்துப் போடாமல் கேட்டேன். ஆர்.சி. புக் அப்பா பெயரில் இருந்தது. அண்ணன் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் அம்மாவும் நானும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் அனுப்பிய தாள் வந்த அன்றே அம்மா போட்டுவிட்டாள். நான் அந்தத் தாளை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

ஒரு வருஷம் அது அங்கேயே இருந்தது. அண்ணனின் கடிதங்கள் வந்தபடி இருந்தன. முதலில் 'அன்புள்ள தங்கைக்கு'. நாலைந்து கடிதத்துக்குப் பிறகு 'அன்புள்ள' போய்விட்டது. உனக்கு எதற்கு அந்தக் கார், நீ எங்கே போகப் போகிறாய் என்று ஒன்றில் எழுதினான். அதைப் படித்துவிட்டு நான் காரை எடுத்துக்கொண்டு நாமக்கல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

"அவன் ஆசப்படறான் கண்ணு. தூர தேசத்துல கெடக்கறவன். உட்டுக் குடேன்" என்பாள் அம்மா.

"நானும் ரண்டு வருசம் தூர தேசத்துலதானுங்கம்மா கெடந்தேன். ஆத்தூரு பக்கமா என்ன?" என்பேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இதற்கிடையில் அவன் மெட்ராஸில் ஒரு கப்பல் ஏஜெண்டைப் பிடித்திருந்தான். அந்த ஏஜெண்டிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டின் மேலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து அனுப்பவும், ஆர்.சி. புக்குடன் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இப்படி ஒரு கடிதத்துக்குத்தான் நான் காத்திருந்தேன் போல. அன்று மத்தியானமே கொட்டகைக்குப் போய், பானட்டைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, ஒரு எழுத்து விடாமல் அழகாகத் தேய்த்து எடுத்தேன். அவ்வளவு ஒழுங்காக நான் பள்ளிக்கூடத்தில்கூட எதையும் செய்ததில்லை. அனுப்பியும் வைத்தேன்.

பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. புக்கில் இருக்கிற எஞ்சின் வேறு, வண்டியில் இருக்கிற எஞ்சின் வேறு. இந்த நிலையில் இது புக்கில் சொன்ன கார் அல்ல, துறைமுகத்துக்குள்ளேயே விட மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். நகல் அண்ணனுக்கும் போயிருந்தது. நான் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

அம்மா கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள். பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுக்கென்ன கண்ணு? பழைய எஞ்சினு கொட்டாய்லயே இருக்குதல்லொ. பொட்டி போட்டு வெச்சிருக்கறாரு உங்கப்பன்."

கொட்டகையின் பின்சுவரோரம் மூன்று மரப்பெட்டிகள் இருந்தன. லாரிப் பலகையில் அடித்தவை, மேலே கிழிந்த தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும். லாரி சாமான் என்று நினைத்து நான் அவற்றைத் தொட்டதே இல்லை. சேலத்துக்கு ஆள் அனுப்பி பாயை வரச் சொன்னேன். மறுநாள் வந்தார். ஆணியைப் பிடுங்கிப் பலகையை எடுத்தோம். முதல் பெட்டியில் துரையின் எஞ்சின், முழுதாக, கிரீஸ் தடவி, கோணிச் சாக்கில் சுற்றி. இரண்டாவதில் ரேடியேட்டர், டைனமோ, கார்புரேட்டர், சீட்டிலிருந்து உரித்த சிவப்புத் தோல். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைச் சீட்டு, கம்பியால் கட்டியிருந்தது. லாரி டிரிப் எழுதுகிற அட்டை. அப்பாவின் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனால் படிக்க முடியும். 'கார்பரேட்டர். நல்லது. பெரியவன் வந்து கேப்பான்.' 'டைனமோ. பெரியவனுக்கு.' 'தோலு. மடிக்கக் கூடாது. பெரியவன் வண்டி.'

நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்தார்.

மூன்றாவது பெட்டி சின்னது. அதில் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு வட்டம் இருந்தது. அவிழ்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவிழ்த்தேன். பெரிய ஸ்டீயரிங். ஒரு கீறல் இல்லை. அட்டைச் சீட்டில், 'ஸ்டேரிங். ஒடயல. பெரியவனுக்கு' என்று இருந்தது.

"இது ஒடஞ்சு போச்சுன்னாரே பாய்."

"அப்படித்தான் சொல்லச் சொன்னாரு தங்கச்சி."

"நீங்களும் கூட்டா?"

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க ஓட்ட ஆரமிச்சதும் மொதலாளி எங்கிட்ட வந்தாரு. பாப்பா தெனம் எடுக்குது பாய், கைபட்டுத் தேஞ்சு போயிரும், இத எடுத்து வெச்சிரலாம்னாரு. உங்களுக்கு வண்டி ஓடணும், அவருக்கு இது கெடாம இருக்கணும். ரெண்டும் ஆசதானே தங்கச்சி?"

இந்தச் சமாதானத்தை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. என் கைபட்டுத் தேய்ந்துவிடும் என்று ஒளித்து வைத்ததை, என் கை வலிக்கும் என்று சொல்லி நம்ப வைத்திருக்கிறார். வாரா வாரம் சேலத்துக்கு நான் அவரைத் தூக்கிச் சுமந்த நாட்களிலெல்லாம், பின்சீட்டில் படுத்திருந்த அந்த மனுஷனின் கணக்கில் நான் டிரைவர். வண்டி, வராத ஒருவனுடையது. அப்பாவை நினைத்து நான் அழுதது அதுவரை துக்கத்தில். அன்று அழுதது ஆத்திரத்தில்.

மத்தியானம் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு என்று இல்லாத வண்டிக்கு நான் எதற்குக் காவல்? அம்மா "நல்லாயிருப்ப சாமி" என்றாள்.

பாய் மூன்று வாரம் எங்கள் கொட்டகையிலேயே வேலை பார்த்தார். வேன் எஞ்சினை இறக்கி, துரையின் எஞ்சினை ஏற்றினார். ஒவ்வொரு சாமானும் அதனதன் இடத்துக்குப் போனது. மாட்டுவதற்கு முன் அப்பாவின் அட்டைச் சீட்டுகளை நானே கழற்றி எடுத்துக்கொண்டேன். பதினோரு சீட்டு. கடைசியில் வண்டியைக் கிளப்பினார். சத்தமே இல்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்க என்றார். உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் கைக்குள் அடங்கவில்லை. கியர் வேறு மாதிரி விழுந்தது. களத்து வாசலில் வந்து நின்ற வண்டி இது இல்லை. முனை வரைக்கும் போய்த் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

எங்கள் லாரிகள் இரண்டும் லோடு போயிருந்ததால், சரிவுப் பலகை போட்டு, வாடகைக்கு வந்த லாரியில் அதை ஏற்றினோம். கயிறு போட்டுக் கட்டி, தார்ப்பாய் மூடினார்கள். அம்மா லாரியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். லாரி அவற்றை நசுக்கிக்கொண்டு போனது. மெட்ராஸுக்குப் போகிற லாரி ஆத்தூர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பது அது தெருவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வேன் எஞ்சினைப் பாய் எங்கள் கிணற்று மேட்டில் உட்கார வைத்து, பம்புக்கு பெல்ட் போட்டுக் கொடுத்தார். கரண்டு இல்லாத நாட்களில் அது தண்ணீர் இறைத்தது. டகடகவென்று அதே சத்தம். சில நாள் கேட்கப் பிடிக்கும். சில நாள் அணைத்துவிட்டு வா என்று ஆளை அனுப்புவேன்.

அதற்கு அடுத்த வருஷம் அண்ணன் கடிதம் போட்டான். 'அன்புள்ள' திரும்பி வந்திருந்தது. ஒரு போட்டோவும் இருந்தது, பச்சைப் புல்வெளியில் துரை வண்டி. ஸ்டீயரிங்கைப் பார்த்து இங்கே எல்லோரும் அதிசயப்படுகிறார்கள், கையே படாத மாதிரி இருக்கிறது, அப்பா வண்டியை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் என்று எழுதியிருந்தான். அதிகம் ஓட்டுவதில்லையாம். இன்னமும் தலை சுற்றுகிறதாம். வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பானாம். கடைசிப் பத்தியில் பழைய கேள்வி. அப்பா என்னைப் பற்றி நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லையா, யோசித்துப் பார், ஏதாவது ஒரு வார்த்தை இருந்தாலும் எழுது என்று கேட்டிருந்தான்.

பீரோவைத் திறந்து பதினோரு சீட்டுகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கவரில் போட்டால் கொள்ளும். அவனுக்கு அது காரைவிடப் பெரிது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, சீட்டுகளைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன். பிறகு அவனுக்குப் பதில் எழுதினேன். நன்றாக யோசித்துப் பார்த்தேன் அண்ணா, அப்பா உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். எழுதிய தாளை அம்மாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னேன்.